கறுப்பினப் பெண்ணின் உருவம்: வரைந்தோரும் வாங்கினோரும்

ஒரு சமுதாயம் பிறிதொரு சமுதாயத்தை எவ்வாறு மதித்தது என்பதை அறிதற்குச் சட்டங்களும் உடன்படிக்கைகளும் மாத்திரம் போதா. நூலின் முகப்பில் அச்சிடப்பட்ட படம், கடையில் விற்ற பண்டத்தின் மேலுறை, சிறுவர் கையிலிருந்த பாவை, திரையில் ஓடிய நிழல் ஆகிய இவையும் வரலாற்றுச் சான்றுகளேயாம். ஒருவர் இன்னது செய்யலாகாது என்பதைச் சட்டம் கூறும். அவரைப் பற்றிப் பிறர் என்ன எண்ணினர் என்பதை உருவம் கூறும். கறுப்பின இளம் பெண்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடந்த 250 ஆண்டுகளாக எவ்வுருவிற் காட்டப்பட்டனர் என்பதை இவ்வழிநின்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றை இழிவிலிருந்து உயர்வை நோக்கிச் சென்ற நேர்வழியாகக் கூறுவாருளர். முற்காலத்தார் அறியாமையால் இழிந்த உருவங்களை ஆக்கினர், பிற்காலத்தார் அறிவு பெற்று அவற்றை நீக்கினர் என்பது அவர் கருத்து. சான்றுகளை அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கோ வேறோர் உண்மை புலனாகும். மதிப்புடைய உருவம் தொடக்கத்திலேயே இருந்தது. அதனை ஆக்கவல்ல கையும் இருந்தது. குறைவாயிருந்தது அதனைப் பொருள்கொடுத்து வாங்கும் கையே.

1761 ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பொஸ்ரன் துறையை அடைந்த அடிமைக் கப்பலொன்றில், முன்பற்கள் விழுந்துகொண்டிருந்த சிறுமியொருத்தி இருந்தாள். அப்பற்களைக் கொண்டே அவளுக்கு வயது ஏழு அல்லது எட்டு என மதித்தனர். யோன் வீற்லி என்னும் வணிகர் அவளைத் தம் மனைவிக்குப் பணிப்பெண்ணாக விலைக்கு வாங்கினார். கப்பலின் பெயராகிய பில்லிஸ் என்பதே அவளுக்கும் பெயராயிற்று. அவ்வீட்டிலே ஆங்கிலமும் இலத்தீனும் பயின்ற பில்லிஸ் கவி பாடும் ஆற்றல் பெற்றாள். 1773 இல் அவள் கவிதைத் தொகுதி இலண்டனில் வெளிவந்தபொழுது அவளுக்கு வயது ஏறத்தாழ இருபது. ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கர் ஒருவரின் கவிதைகள் நூலுருப் பெற்றது அதுவே முதன்முறை.

அந்நூலின் முகப்புப் படம் ஊன்றி நோக்கற்பாலது. பில்லிஸ் மேசையருகே அமர்ந்திருக்கின்றாள். ஒரு கையில் இறகுப் பேனா, மறு கை கன்னத்தைத் தாங்குகின்றது, கண்கள் மேனோக்கியுள்ளன. எழுதுமுன் சொல்லைத் தேடும் புலவரின் நிலை அது. ஆனால் அப்படத்தைச் சூழ்ந்த எழுத்துக்களோ அவளை வீற்லி அவர்களின் பணியாள் என்று அறிவிக்கின்றன. படம் அவளுக்கு அறிவை அளித்தது. அதன் விளிம்பு அவளை உடைமையாக்கியது. அக்கவிதைகளை அவளே இயற்றினாள் என்று பொஸ்ரன் நகரப் பெரியோர் பதினெண்மர் கையொப்பமிட்டுத் தந்த சான்றும் அந்நூலிற் சேர்க்கப்பட்டது. இளம் புலவரிடம் இத்தகைய சான்றை வேண்டுதல் உலக வழக்கமன்று.

நூல் வெளிவந்த பின்னர் பில்லிஸ் விடுதலை பெற்றாள். 1779 இல் இரண்டாவது தொகுதியொன்றை வெளியிட முயன்றாள். நூலை வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பமிடுவோரைத் திரட்டி அச்சிடுதல் அக்கால வழக்கம். விடுதலைப் போர் நிகழ்ந்த அக்காலத்தில் வேண்டிய தொகையினர் கையொப்பமிடவில்லை. 1784 இல் அவள் வறுமையில் இறந்தாள். கையெழுத்துப் பிரதியும் மறைந்தது. அந்நூலைத் தடைசெய்த சட்டம் ஒன்றுமில்லை. வாங்குவாரின்மையே அதனை அழித்தது.

இனி, வாங்குவார் மலிந்திருந்த உருவம் யாதெனக் காண்போம். தென்னாபிரிக்காவின் கொய்கொய் மக்களிடைப் பிறந்த சாரா பார்ட்மன் என்னும் இளம் பெண் 1810 இல் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டாள். பிக்காடிலித் தெருவிலே அவள் உடலமைப்பைக் காட்சிப்பொருளாக்கி, ஆளுக்கு இரண்டு சிலிங் வீதம் கட்டணம் பெற்றனர். அவளை இழித்து வரைந்த கேலிச் சித்திரங்கள் பல அச்சாகி விலைபோயின. அடிமை முறையை எதிர்த்தோர் அவ்வாண்டிலேயே வழக்குத் தொடுத்தனர். அவள் தன் இசைவோடே வந்தாள் என்று கூறப்பட்டமையால் வழக்குப் பயனளிக்கவில்லை. 1814 இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவள் அடுத்த ஆண்டின் முடிவில் இறந்தாள். இறந்த பின்னரும் காட்சி முடிவுறவில்லை. குவியே என்னும் பெயர்பெற்ற அறிஞர் அவ்வுடலை அறுத்து ஆராய்ந்தார். அவளது எலும்புக்கூடும், உடலின் வார்ப்பும் பாரிஸ் அரும்பொருட்சாலையில் 1970 களின் நடுப்பகுதி வரையும் வைக்கப்பட்டிருந்தன. 1994 இல் நெல்சன் மண்டேலா அவற்றைத் திருப்பித் தருமாறு வேண்டினார். பிரெஞ்சு நாட்டார் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2002 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் நாள் அவள் தாய்நாட்டு மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டாள். பில்லிசின் படத்திலே அவள் நோக்குகின்றாள்; சாராவின் படங்களிலே அவள் நோக்கப்படுகின்றாள். காசு பின்னதையே நாடிச் சென்றது.

இவ்விரு வகை உருவங்களும் ஒரே இடத்தில் எதிர்ப்பட்டதை 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே காணலாம். அமெரிக்கர் காலையிலுண்ணும் பான்கேக் என்னும் அப்பவகைக்குரிய மா 1889 இல் மிசூரி மாநிலத்தில் உண்டாக்கப்பட்டது. அதற்கு வைத்த ஜெமைமா என்னும் பெயர், வெள்ளையர் முகத்திற் கரி பூசிக் கறுப்பினத்தாரை நகையாடும் மேடையாட்டத்துப் பாட்டொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அடிமையாய்ப் பிறந்த நான்சி கிறீன் என்னும் முதிய மாதைப் பொருட்காட்சியில் நிறுத்தி, அப்பஞ் சுடவும் பண்ணைக்கால வாழ்வை இனியதாகக் கதைசொல்லவும் வைத்தனர். தலையில் துணி சுற்றி முகம் மலர்ந்து ஏவல்செய்யும் கிழவியின் உருவம் அது. இளம் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியிலே கிழவியின் படம் எதற்கு என வினவலாம். கறுப்பினச் சிறுமியொருத்தி கடைக்குச் சென்றபோது, தான் வளர்ந்து என்னவாகலாம் என்பதை அம்மாப் பொதியே அவளுக்கு உரைத்தது என்பதே விடை.

அதே பொருட்காட்சியிலே 31 வயதினரான ஐடா பி. வெல்ஸ் என்னும் பெண்மணி ஒரு துண்டுநூலை வழங்கிக்கொண்டிருந்தார். மெம்பிஸ் நகரிலே பத்திரிகையாசிரியராயிருந்த அவர், 1892 இல் கறுப்பின வணிகர் மூவர் கும்பலாற் கொல்லப்பட்டதைக் கண்டித்தெழுதினார். வெறிகொண்ட கூட்டத்தார் அவர் பத்திரிகை அலுவலகத்தை அழித்தனர். அப்பொருட்காட்சியிலே கறுப்பினத்தாருக்கு உரிய இடம் வழங்கப்படாமைக்குக் காரணத்தை விளக்கும் அத்துண்டுநூலைப் பிரெடெரிக் டக்ளஸ் முதலியோருடன் சேர்ந்து எழுதி, தம் இனத்தாரிடம் திரட்டிய பணத்தால் அச்சிட்டார். ஒரு புறம் கதைசொல்லும் கிழவி. மறுபுறம் உண்மை கூறும் இளையவர். மா விற்றவர்களின் உருவம் 130 ஆண்டுகள் கடைகளில் நிலைத்தது. 2020 இல் அதனை நீக்குவதாக அறிவித்த கம்பனியார் 2021 இலே பெயரையும் மாற்றினர்.

கறுப்பினத்தார் தம் பிள்ளைகளுக்கெனத் தாமே உருவம் ஆக்கிய முயற்சிகளும் இருந்தன. 1920 ஆம் ஆண்டு தை மாதத்தில் டு போயிஸ் என்னும் பேரறிஞர், யெசி போசெற் அம்மையாரின் துணையுடன், கறுப்பினச் சிறுவர்க்கு ஒரு மாத இதழைத் தொடங்கினார். பெற்றோர் அனுப்பிய பிள்ளைகளின் படங்களும், பட்டம் பெற்ற இளைஞரினதும் இளம் பெண்களினதும் படங்களும் அதில் வெளிவந்தன. பின்னாளிற் பெரும் புலவராகிய லெங்ஸ்ரன் ஹியூஸ் இளமையில் எழுதிய கவிதைகளும் அதிலே இடம்பெற்றன. போதிய சந்தாதாரர் இன்மையால் 24 இதழ்களோடு 1921 மார்கழியில் அது நின்றது. பில்லிசின் இரண்டாம் நூலுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது.

திரைப்படம் இதே கணக்கை நுட்பமாக நடத்திற்று. 1940 இல் ஹற்றி மக்டானியல் ஒஸ்கார் பரிசு பெற்ற முதற் கறுப்பினக் கலைஞரானார். பணிப்பெண்ணாக நடித்தமைக்கே அப்பரிசு கிடைத்தது. விழா மண்டபத்திலே மற்றை நடிகரினின்றும் விலகிய மேசையில் அவர் இருத்தப்பட்டார். 1942 இல் ஹொலிவூட்டின் பெரிய கம்பனியொன்று லீனா ஹோண் என்னும் இளம் பாடகியை ஒப்பந்தஞ் செய்தது. பணிப்பெண் வேடங்களை அவருக்கு அது வழங்கவில்லை. ஆயினும் பல படங்களிலே அவர் தோன்றும் காட்சிகள் கதையோடு ஒட்டாத தனிப் பாடல்களாகவே எடுக்கப்பட்டன. தென் மாநிலங்களிற் படத்தைத் திரையிடும்போது கதை கெடாமல் அப்பகுதிகளை வெட்டியெறிதற்கு இஃது எளிதாயிருந்தது. வாங்குவோரின் வெறுப்புக்கு முன்கூட்டியே இடமளித்துக் கலையை அமைத்த முறை இது.

இவ்வுருவங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் யாது செய்தன என்பதை அளந்து காட்டியவர் மேமி பிப்ஸ் கிளாக் என்னும் அறிஞர். 1939 இல் முதுமாணிப் பட்டத்துக்காக அவர் தொடங்கிய ஆய்வைக் கணவர் கெனத் கிளாக்குடன் சேர்ந்து விரித்தார். நிறத்தாலன்றி வேறொன்றாலும் வேறுபடாத பாவைகள் நான்கு, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் 253 பேரின் முன் வைக்கப்பட்டன. அவர்களில் 134 பேர் பிரிவினை நிலவிய ஆக்கன்சா மாநிலத்தவர். 119 பேர் மாசசூசெற்சின் கலப்புப் பாடசாலைகளிற் பயின்றோர். விளையாடுதற்கு வெண்பாவையைத் தெரிந்தோர் நூற்றுக்கு 67 பேர். கபில நிறப் பாவையே கூடாததாய்த் தோன்றுகின்றது என்றோர் நூற்றுக்கு 59 பேர். எப்பாவை உன்னைப் போன்றது என்று கேட்டபொழுதோ, நூற்றுக்கு 66 பேர் அக்கபிலப் பாவையையே காட்டினர். தாம் கூடாதென ஒதுக்கியதைத் தாமே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தபொழுது சில பிள்ளைகள் அழுதனர்.

1954 இல் பாடசாலைப் பிரிவினை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்த அமெரிக்க உயர் நீதிமன்றம் கெனத் கிளாக்கின் ஆய்வுரையையும் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. ஆனால் அவ்வாய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. வெண்பாவையை விரும்பியோர் வீதம், சட்டத்தாற் பிரிக்கப்படாத மாசசூசெற்சிலும் குறையவில்லை, சற்று மிகுந்தேயிருந்தது. எனவே சட்டத்தின் கை எட்டாத இடத்திலும் உருவத்தின் கை எட்டியது என்பது தெளிவு. பாடசாலைக் கதவைத் தீர்ப்பொன்றினால் திறக்கலாம். கடையும் திரையும் புத்தகமும் உள்ளத்தில் வரைந்ததை அவ்வாறு அழித்தல் இயலாது.

கதவு திறந்தமையும் எளிதாய் நிகழவில்லை. 1960 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் நியூ ஓர்லியன்சிலே ஆறு வயதுச் சிறுமியாகிய றூபி பிறிட்சஸ், கூச்சலிட்ட கூட்டத்தின் நடுவே, மத்திய அரசின் காவலர் சூழப் பாடசாலைக்குச் சென்றாள். நோமன் றொக்வெல் என்னும் ஓவியர் அக்காட்சியைத் தழுவி வரைந்த படம் 1964 இல் ஓர் அமெரிக்க இதழில் வெளிவந்தது. அதிலே காவலரின் தலைகள் படத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டுள்ளன. முகமும் முழுவுருவும் உடையவள் அச்சிறுமி ஒருத்தியே. இவ்வோவியர் அதற்குமுன் நாற்பதாண்டுக்கு மேலாக வேறோர் இதழுக்கு அட்டைப்படம் வரைந்தவர். கறுப்பினத்தாரைப் பணியாளராக மாத்திரமே வரையவேண்டும் என அங்கே தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் பின்னாளிற் கூறினார். ஓவியர் கை மாறவில்லை. வாங்கிய இதழ் மாறியது.

1965 இல் லொஸ் ஏஞ்செலிஸ் நகரின் உவாற்ஸ் பகுதியில் நிகழ்ந்த கலகத்துக்குப்பின், அப்பகுதி மக்கள் தாமே ஒரு பாவைக் கம்பனியை நிறுவினர். 1968 இல் அது கறுப்பின முகச்சாயலும் தலைமயிரும் அமைந்த குழந்தைப் பாவையை விற்பனைக்கு விட்டது. வெள்ளைப் பாவைக்கு நிறம் மாத்திரம் மாற்றிப் பூசுதலே அதுகாறும் பெருவழக்காயிருந்தது. 1970 இல் ரோனி மொரிசன் தம் முதல் நாவலில், நீலக் கண் வேண்டி ஏங்கிய கறுப்பினச் சிறுமியின் அழிவைக் கதையாக்கினார். அவர் 1993 இல் நோபல் பரிசு பெற்றார். பாவைக் கம்பனியோ 1983 இலே மூடப்பட்டது; அதன் முதற் பாவை 2020 இல் அமெரிக்க விளையாட்டுப் பொருட்களின் அரும்பொருட் கூடத்திலே சேர்க்கப்பட்டது. புகழ் வந்தபொழுது கம்பனி இல்லை.

இதுகாறுங் கூறியவற்றால் பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. இழிந்த உருவத்துக்கு வரைந்தவனை மாத்திரம் பழித்தல் பொருந்தாது. பிக்காடிலியில் இரண்டு சிலிங் கொடுத்தவர், மாப் பொதியை வாங்கிச் சென்றவர், வெட்டப்பட்ட படத்தைக் குறைகூறாது பார்த்தவர் ஆகிய பெயரறியா மக்கள் யாவரும் அவ்வுருவங்களை ஆக்கியதிற் பங்குடையர். அவ்வாறே பில்லிசின் நூலுக்குக் கையொப்பமிடாதோரும், சிறுவர் இதழுக்குச் சந்தா அனுப்பாதோரும், தாம் அறியாமலே ஓர் உருவத்தை மறைத்தோராவர். நூல் தெரியுமிடத்தும் படம் பார்க்குமிடத்தும் பிள்ளைக்குப் பாவை வாங்குமிடத்தும் நாமும் இவ்வரலாற்றிலே பங்குகொள்கின்றோம் என்பதை உணர்வோமாக.