மறைந்த படைவீரருக்காகப் பதில் சொல்லும் குடும்பங்கள்: அமெரிக்க ஆய்வு கூறுவது என்ன?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் ஒருவர் உயிரிழந்தால், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் அவருடைய நெருங்கிய உறவினருக்கு ஒரு வினாப்பட்டியல் அனுப்பப்படுகிறது. கடைசி ஒரு மாதத்தில் அவர் எவ்வாறு கவனிக்கப்பட்டார் என்பதே அதன் பொருள். இதற்குத் 'துயருற்ற குடும்பத்தினர் ஆய்வு' என்று பெயர். அந்நாட்டின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை இதை நடத்துகிறது.

சிகிச்சை பெற்றவரிடமே அதன் தரத்தைக் கேட்டறிவதுதான் மருத்துவ உலகின் வழக்கம். மரணத்தில் முடிந்த சிகிச்சைக்கு அந்த வழி இல்லை. இறுதி நாட்களில் பெரும்பாலான நோயாளிகள் பேசும் நிலையிலும் இருப்பதில்லை. எனவே அருகில் இருந்து பார்த்த மனைவி, மகன், மகள் ஆகியோரின் சொல்லே சான்றாகிறது. மிக விரைவில் கேட்டால் துயரத்தைக் கிளறுவதாகும். மிகவும் தாமதித்தால் நினைவு மங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடிதம் அனுப்பும் காலம் அமைந்துள்ளது.

இத்தகைய ஆய்வு அங்கு சாத்தியமானதற்கு நிர்வாக அமைப்பும் ஒரு காரணம். இந்தியாவில் முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இதன்கீழ் பயனாளிகள் திட்டத்தின் பாலிகிளினிக்குகளிலும், அதில் இணைக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறுகின்றனர். அமெரிக்காவிலோ படைவீரர் துறையே ஏறத்தாழ 170 மருத்துவமனைகளைச் சொந்தமாக நடத்துகிறது. ஒரே நிர்வாகம் என்பதால் எல்லா மருத்துவமனைகளையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறது.

பிலடெல்பியாவில் டேவிட் கேசரெட் தலைமையிலான குழு உருவாக்கிய முந்தைய குடும்ப மதிப்பீட்டு ஆய்வே இதன் முன்னோடி. படைவீரர் துறை 2009-இல் இறுதிக்காலப் பராமரிப்பை விரிவுபடுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த ஆய்வு சுருக்கப்பட்டு நாடு முழுவதற்கும் ஏற்றதாக மாற்றப்பட்டது. தொடக்கத்தில் தொலைபேசி வழியாகக் கேட்கப்பட்ட கேள்விகள் பின்னர் அஞ்சல் வழிக்கு மாறின.

மொத்தம் 19 கேள்விகள். அவற்றில் 17 கேள்விகளுக்குத் தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் உறவினர் தம் சொற்களிலேயே எழுதலாம். மருத்துவர்களும் செவிலியர்களும் நேரம் ஒதுக்கிக் காது கொடுத்துக் கேட்டார்களா? நோயாளி விரும்பிய சிகிச்சையை அளித்தார்களா? அன்புடனும் மரியாதையுடனும் நடந்துகொண்டார்களா? குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல் போன்ற தேவைகள் கவனிக்கப்பட்டனவா? மரணம் நெருங்குவதை முன்கூட்டியே தெரிவித்தார்களா? இவற்றில் பலவற்றுக்கு 'எப்போதும்' என்பதில் தொடங்கி 'ஒருபோதும் இல்லை' என்பது வரை விடைகள் தரப்பட்டுள்ளன.

இவை எந்த மருத்துவமனைக்கும் பொருந்தும் கேள்விகள். படைவீரர்களுக்கென்றே அமைந்தவையும் உண்டு. போர்க்களத்தில் அனுபவித்த அச்சமும் பதற்றமும் சிலருக்கு மரணப் படுக்கையில் மீண்டும் தலைதூக்கும். வியட்நாம் போரில் ஈடுபட்ட தலைமுறை இப்போது முதுமையின் இறுதிக்கட்டத்தில் இருப்பதால் இது சிறிய விஷயம் அல்ல. கடைசி மாதத்தில் அவ்வாறு நிகழ்ந்ததா, அது அவரை எந்த அளவுக்கு வருத்தியது என்றும் ஆய்வு கேட்கிறது. அடக்கச் சலுகைகள், குடும்பத்தினருக்கான உதவித்தொகை ஆகியவை பற்றிப் போதிய தகவல் கிடைத்ததா என்பதும் கேட்கப்படுகிறது. தகுதியுள்ள படைவீரருக்குத் தேசியக் கல்லறையில் இடம், கல்லறைக்கல், தேசியக் கொடி ஆகியவை கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் அந்த உரிமை குடும்பத்தைச் சென்றடையாது.

இறுதியாக ஒட்டுமொத்தப் பராமரிப்பை மதிப்பிடும் கேள்வி வருகிறது. 'மிகச் சிறப்பு', 'மிக நன்று', 'நன்று', 'சுமார்', 'மோசம்' என ஐந்து விடைகள். இவற்றில் 'மிகச் சிறப்பு' என்று குறித்தவர்களின் விகிதம் மட்டுமே மருத்துவமனையின் மதிப்பெண்ணாகக் கொள்ளப்படுகிறது. 'மிக நன்று' என்ற பதில்கூடக் கணக்கில் சேராது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நன்றியுணர்வில் இருக்கும் குடும்பத்தினர் 'மோசம்' என்று எழுதத் தயங்குவது இயல்பு. 'நன்று' என்பதையும் வெற்றியாகக் கொண்டால் எல்லா மருத்துவமனைகளும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்தத் தரவுகளிலிருந்து வெளிவந்த முக்கியமான முடிவு ஒன்று 2016-ஆம் ஆண்டு 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியானது. 2009 முதல் 2012 வரை 146 மருத்துவமனைகளில் உயிரிழந்த 57,753 பேரின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. புற்றுநோயாளிகளின் குடும்பத்தினரில் 59.2 சதவீதம் பேரும், மறதி நோயாளிகளின் குடும்பத்தினரில் 59.3 சதவீதம் பேரும் பராமரிப்பு 'மிகச் சிறப்பு' என்றனர். இதய, நுரையீரல் செயலிழப்பிலும் இறுதிநிலைச் சிறுநீரக நோயிலும் இந்த விகிதம் 54.8 ஆகவும், முதுமைத் தளர்ச்சியில் 53.7 ஆகவும் குறைந்தது.

இந்த இடைவெளி நோயின் தன்மையால் ஏற்பட்டதா, சிகிச்சை முறையால் ஏற்பட்டதா என்பதே கேள்வி. புற்றுநோயாளிகளில் 73.5 சதவீதம் பேருக்கு நோய்த்தணிப்பு மருத்துவக் குழுவின் ஆலோசனை கிடைத்திருந்தது. இதய, நுரையீரல் நோயாளிகளில் அது 46.7 சதவீதம் மட்டுமே. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரிழந்தனர். புற்றுநோயாளிகளில் இது 13.4 சதவீதம். நோய்த்தணிப்பு ஆலோசனை, மரணம் நிகழ்ந்த இடம், இதயம் நின்றால் மீண்டும் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற முன்முடிவு ஆகிய மூன்றையும் கணக்கில் கொண்டபோது, நோய்களுக்கிடையிலான வேறுபாடு புள்ளியியல் அளவில் மறைந்துவிட்டது. அதாவது, இதய நோயாளியின் இறுதி நாட்கள் மோசமாக அமைவதற்கு நோய் மட்டும் காரணமல்ல. புற்றுநோயாளிக்கு இயல்பாகக் கிடைக்கும் உரையாடல் அவருக்குக் கிடைக்காமல் போவதும் காரணம். மருத்துவப் பதிவேடுகளை மட்டும் வைத்து இந்த முடிவை எட்டியிருக்க முடியாது.

வேறு ஆய்வுகளில், சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த குடும்பத்தினர் வெள்ளையினக் குடும்பத்தினரைவிடக் குறைவான மதிப்பெண் அளித்திருப்பதும் தெரியவந்தது. கொரோனா பெருந்தொற்றின் முதல் மாதங்களில் பார்வையாளர்களுக்குத் தடை இருந்தபோதும், ஊழியர்கள் தொலைபேசியிலும் காணொலியிலும் முறையாகத் தொடர்புகொண்ட குடும்பங்கள் பராமரிப்பை உயர்வாகவே மதிப்பிட்டன.

ஆய்வின் எல்லைகளும் கவனத்துக்குரியவை. தற்கொலை, விபத்து ஆகியவற்றால் நிகழ்ந்த மரணங்கள் இதில் சேர்க்கப்படுவதில்லை. கடிதம் பெற்ற அனைவரும் பதில் அனுப்புவதுமில்லை. பதில் அளிப்போரும் அளிக்காதோரும் ஒரே வகையினர் அல்லர் என்பதால், மருத்துவமனைகளின் மதிப்பெண்கள் அதற்கேற்பத் திருத்தப்பட்ட பின்னரே ஒப்பிடப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கடிதம் துறையின் உள்நோயாளிகளாக இருந்து இறந்தோரின் குடும்பங்களுக்கு மட்டுமே செல்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலானோர் தம் வீட்டிலோ பிற மருத்துவமனைகளிலோதான் உயிரிழக்கின்றனர். அவர்களுடைய குடும்பத்தினரின் அனுபவம் இந்த மதிப்பெண்களில் இடம்பெறுவதில்லை.