கொரிடொன் வாங்கிய நிலம்

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலே, சிக்னல் குன்றின் சரிவில், 'போ-காப்' என்றொரு குடியிருப்பு இருக்கிறது. மஞ்சள், பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என வீட்டுக்கொரு நிறம் பூசிய அதன் தெருக்களைச் சுற்றுலாப் படங்களில் பலரும் பார்த்திருப்போம். அந்தத் தெருக்களின் வரலாற்றுக்குள் நமது நாட்டின் பெயரும் இருக்கிறது. அதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

அங்கே டோர்ப் வீதியில் உள்ள அவ்வல் பள்ளிவாசல்தான் தென்னாபிரிக்காவின் முதலாவது பள்ளிவாசல். 1794ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது நிற்கும் நிலத்தை வைத்திருந்தவரின் பெயர் கொரிடொன் வான் சிலோன், அதாவது 'இலங்கைக் கொரிடொன்'. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் அவர். அவருடைய மகள் சார்கி அந்த நிலத்தைப் பள்ளிவாசலுக்கென்று கொடுத்தார். இந்தப் பெயரை முதன்முதலாக வாசித்த நாளிலிருந்து அது என்னை விட்டகலவில்லை. கொரிடொன் எந்த இனத்தவர் என்று ஆராய்ந்து உரிமை கொண்டாடுவது என் நோக்கமல்ல. கையில் ஏதுமில்லாமல் கொண்டு செல்லப்பட்ட ஒரு மனிதர், விடுதலை பெற்றதும் ஒரு துண்டு நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார் என்பதையே நான் எண்ணிப் பார்க்கிறேன். போ-காப்பின் பின்னைய வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்தச் செய்தி ஒரு திறவுகோலாகும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இலங்கையும் நன்னம்பிக்கை முனையும் ஒரே கடற்பாதையின் இரு தரிப்பிடங்கள். தனக்கு அடங்காத அரச குடும்பத்தவரையும் உலமாக்களையும் கம்பனி இவ்விரு இடங்களுக்கும் நாடு கடத்தியது. மகஸ்ஸாரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப் 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பத்தாண்டுகள் இங்கிருந்த பின்னரே, 1694இல் முனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவ்வல் பள்ளியின் முதலாவது இமாமான துவான் குருவும் நாடு கடத்தப்பட்டவரே. திதோர் தீவின் இளவரசரான அவர் 1780இல் கொண்டுவரப்பட்டு ரொபன் தீவில் சிறைவைக்கப்பட்டார். அச்சிறையில் அல்குர்ஆனை மனனத்திலிருந்தே எழுதினார் என்பது அம்மக்கள் பெருமையோடு சொல்லும் செய்தி.

போ-காப்பின் பழைய வீடுகள் 1760களில் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்பட்டவை. 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, அதன்பின் நான்காண்டு கட்டாயப் பயிலுநர் காலமும் முடிந்ததும், விடுதலை பெற்ற தையற்காரரும் மேசன்மாரும் தச்சரும் அங்கு பெருமளவில் குடியேறினர். தாம் பேசிய ஆபிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதி மத்ரஸாக்களில் பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பித்தனர். அபூபக்கர் எஃபெந்தி அம்மொழியில் அரபு எழுத்தால் எழுதிய 'பயானுத்தீன்' 1877இல் இஸ்தான்புலில் அச்சேறியது. அரபுத்தமிழைப் போற்றிவந்த நமக்கு இந்த உழைப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இம்மக்கள் தம் இடத்துக்காக முதன்முதலில் திரண்டது ஒரு மையவாடியின் பொருட்டாகும். துவான் குரு அடங்கியிருக்கும் தானா பாரு மையவாடி, முஸ்லிம்களுக்கு 1805இல் வழங்கப்பட்ட நிலம். பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 1886 ஜனவரி 15ஆந் திகதி அது மூடப்பட்டது. இரண்டு நாட்களின் பின் ஒரு குழந்தையின் ஜனாஸாவைச் சுமந்துகொண்டு சுமார் மூவாயிரம் பேர் அந்த மையவாடிக்கே நடந்தனர். தலைமை தாங்கியவர்களில் ஒருவரான அப்துல் பேர்ன்ஸ் சிறை சென்றார். மையவாடி மீண்டும் திறக்கப்படவில்லை. ஆயினும், அந்நிலத்தைக் கட்டிடங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் காக்கும் பொறுப்பை அடுத்தடுத்த தலைமுறைகள் ஏற்றுக்கொண்டன.

இருபதாம் நூற்றாண்டில் போ-காப்புக்கு வந்த ஆபத்து விசித்திரமானது. பாதுகாவலர் வேடத்தில் அது வந்தது. 1940களில் ஆபிரிக்கான்ஸ் கவிஞர் ஐ. டி. டு பிளெஸி இக்குடியிருப்பைப் பாதுகாக்க வேண்டுமென்று ஒரு குழுவைத் திரட்டினார். சில வீடுகள் திருத்தப்பட்டன. இதே மனிதர் பின்னாளில் நிறவெறி அரசின் உயர் அதிகாரியானார். 1950ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ் போ-காப் 'மலாயர்' பிரதேசமென வரையறுக்கப்பட்டது. முஸ்லிமல்லாத அயலவர்கள் வெளியேற்றப்பட்டனர். அருகிலிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966இல் வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டு, அறுபதினாயிரம் பேர் வரை அகற்றப்பட்டு, அவர்களின் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. ஒரே அரசு ஓரிடத்தை இடித்தது, மற்றோரிடத்தைப் பாதுகாத்தது. இரண்டிலும் குடியிருந்தவரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. குடிமக்களைக் கேளாது செய்யப்படும் பாதுகாப்பும் இடிப்பும் உறவுமுறையில் அண்ணன் தம்பிகள் என்றே எனக்குப் படுகிறது.

1994இல் நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் சந்தை வந்தது. நகர மையத்திலிருந்து நடைதூரத்தில், கடலும் மலையும் தெரியும் இடத்தில் இருக்கும் வீடுகளுக்குப் பணக்காரர் போட்டியிட்டனர். வீட்டின் பெறுமதி ஏறியபோது சோலை வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி, தான் விற்க விரும்பாத வீட்டின் விற்பனை விலைக்கேற்ப வரி கட்ட வேண்டியவரானார். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. 2018இல் இளைஞர்களும் பெண்களும் தெருவுக்கு இறங்கினர். வீதிகளை மறித்தனர், ரமழானில் நடுத்தெருவிலேயே நோன்பு திறந்தனர். அவ்வாண்டு நவம்பரில் கட்டிட வேலைக்கு வந்த பாரந்தூக்கியை மறித்தவர்கள் மீது பொலிஸார் பலத்தைப் பிரயோகித்தனர்.

அவர்கள் கேட்டது வெறும் 'கட்டாதே' என்பதல்ல. தமது குடியிருப்பு முழுவதையும் மரபுரிமைப் பாதுகாப்பு வலயமாக்கி, இடிப்பதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும் தனியான அனுமதியை மாநகர சபை கட்டாயமாக்க வேண்டும் என்பதே பல்லாண்டுக் கோரிக்கை. 2019 மார்ச்சில் மாநகர சபை அதை ஏற்றது. அதே ஆண்டில் பத்தொன்பது இடங்கள் தேசிய மரபுரிமைத் தலங்களாயின.

வெற்றிதான், ஆனால் அரைவாசி வெற்றி. குடியிருப்பின் விளிம்பில் எழவிருந்த பெருங்கட்டிடமொன்றை எதிர்த்து, குடியிருப்பாளரும் வரியிறுப்பாளரும் சேர்ந்த சங்கம் தொடுத்த வழக்கு 2020இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. வலயச் சட்டம் சுவரின் உயரத்தையும் யன்னலின் அமைப்பையும் பார்க்கும். அந்தச் சுவருக்குள் யார் இருக்கிறார், நாளை யார் இருக்கப் போகிறார் என்று அது பார்ப்பதில்லை. வீடுகளெல்லாம் வர்ணத்தோடு நிற்க, அதானுக்குச் செவிசாய்ப்பவர் இல்லாது போவதற்கும் அச்சட்டம் தடையாகாது. ஆதலால்தான் வரிச் சலுகையும், உள்ளூர் பிள்ளைகள் வாங்கக்கூடிய வீடுகளும் போராட்டத்தின் அடுத்த கோரிக்கைகளாயின.

இதை எழுதும்போது என் மனம் கொம்பனித்தெருவுக்கே போகிறது. அதே கம்பனி, அதே மலாயர், அதே பட்டாளக் கதை. அங்குள்ள வேகந்தப் பள்ளிவாசலை 1786இல், அவ்வல் பள்ளிக்கு எட்டாண்டு முன்னரே, பந்தன் பாலி என்ற மலாயப் பெரியார் கட்டினார். 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படையின் நினைவு ரைபிள் வீதியிலும், அவர்களின் வேர் ஜாவா ஒழுங்கையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அப்பகுதியின் மியூஸ் வீதியில் 2010 மே மாதம் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் கோபுரங்கள் எழுந்தன. பெயர்ப் பலகைகள் மிஞ்சின.

போ-காப் மக்களிடம் நம்மைவிட வலுவான சட்டம் தொடக்கத்தில் இருக்கவில்லை. அவர்களிடம் வேறு மூன்று இருந்தன: கொரிடொன் காலத்திலிருந்து பேணிய உறுதிகள், இமாம், தையற்காரர், ஆசிரியர் எல்லோரும் ஒன்றாக அமரும் ஒரு சங்கம், தமது தெருவின் கதையை எழுத்தில் வைத்திருந்த மனிதர்கள். திட்டம் வரைபவர் மேசைக்கு வரும் நாளில் இம்மூன்றும் ஆயத்தமாக இருந்தால்தான் குடியிருப்பவரின் குரலுக்கு ஆதாரம் இருக்கும்.

கடைசி வேலை நம்முடையது. நமது பள்ளிவாசல்களின் அலுமாரிகளில் நிக்காஹ் பதிவேடுகளும், வக்பு உறுதிகளும், மையவாடிக் கணக்குகளும் கறையானுக்கு இரையாகிக் கிடக்கின்றன. கவிதைக்கும் கதைக்கும் நாம் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை அவற்றுக்கும் கொடுக்கலாம். ஒரு எழுத்தாளர் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதன் முதியவர்களிடம் கேட்டு, அதன் உறுதிகளைப் படியெடுத்து வைப்பாராயின், அடுத்த பாரந்தூக்கி வரும்போது அத்தெருவாரின் கையில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.