தரை டிக்கெட்டும் 77 பவுண்டும்

யூட்யூபில் 1964ல் பிபிசி எடுத்த ஆன்ஃபீல்ட் படம் ஒண்ணு கிடைக்கும், தேடிப் பாருங்க. லிவர்பூல் டீமோட மைதானம். கோல் போஸ்டுக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான ஆளுங்க நெருக்கியடிச்சு நின்னுகிட்டு பீட்டில்ஸ் பாட்டு பாடுவாங்க. ஒருத்தருக்கும் சீட் கிடையாது. அந்த இடத்துக்குப் பேர் கோப். நம்ம டூரிங் டாக்கீஸ் பாஷையில் சொன்னா, தரை டிக்கெட்!

(பேருக்கு ஒரு கதை உண்டு. 1900ல் தென்னாப்பிரிக்காவில் ஸ்பியான் கோப் என்ற குன்றில் போயர்களோடு நடந்த சண்டையில் லிவர்பூல் பக்கத்துச் சிப்பாய்கள் நிறைய பேர் செத்தாங்க. 1906ல் கட்டின மேட்டுக்கு அந்தப் பேரையே வச்சாங்க. அந்தச் சண்டையில் காயம்பட்டவங்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கின இந்தியர்களில் ஒருத்தர்... நம்ம காந்தி.)

அந்தக் காலத்துல மேட்ச் பார்க்க முன்பதிவு எதுவும் தேவையில்லை. சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா போய், சுழல் கதவுல சில்லறையைக் கொடுத்துட்டு உள்ளே போகலாம். பொடியன்களுக்குன்னு கோப்பின் ஒரு மூலையில் தனி அடைப்பே இருந்தது. காசே இல்லையா? மேட்ச் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது, கூட்டம் வெளியே வர கதவைத் திறந்து விடுவாங்க. அப்போ நுழைஞ்சு கடைசி கோலையாவது பார்த்துட்டு வர்ற பசங்க உண்டு.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம். கம்பி வேலிக்குள்ள நெருக்கித் தள்ளப்பட்டு இறந்த லிவர்பூல் ரசிகர்கள் மொத்தம் 97 பேர். கடைசி ஆள் 2021ல் தான் இறந்தார். குடிச்சுட்டு வந்த ரசிகர்கள் தான் காரணம்னு போலீசும் பத்திரிகையும் பழி போட்டாங்க. ரசிகர்கள் மேல தப்பில்லைன்னு ஜூரி சொல்ல 2016 வரை ஆச்சு.

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் சீட் போடணும்னார். அதனால தான் டிக்கெட் விலை ஏறிச்சுன்னு இன்னிக்கும் நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. சீட் போட்டா விலை கன்னாபின்னான்னு ஏறத் தேவையில்லைன்னு அதே அறிக்கையில் டெய்லர் எழுதியிருக்கார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு தானேன்னு உதாரணமும் காட்டினார். கிளப்புகள் சீட்டை மட்டும் எடுத்துக்கிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டிட்டாங்க.

1992ல் பிரீமியர் லீக் வந்தது, டிவி பணமும் கூடவே வந்தது. 1994 ஏப்ரல் 30, நார்விச்சோட நடந்த மேட்ச் தான் கோப்பில் நின்னு பார்த்த கடைசி மேட்ச். ஒரு காலத்தில் 25 ஆயிரம் பேருக்கு மேல நின்ன இடம், சீட் போட்டதும் சுமார் 12 ஆயிரமா சுருங்கிடுச்சு.

இங்கே தான் சீசன் டிக்கெட் விளையாடுது. வருஷம் முழுசுக்குமான பணத்தைக் கோடையிலேயே மொத்தமா கட்டணும். வாரக் கூலிக்காரன் எங்கே போவான்? அப்படியும் கட்டினவர் சீட்டை விடவே மாட்டார், வருஷாவருஷம் புதுப்பிச்சுக்குவார். வெளியே காத்திருப்புப் பட்டியல் மட்டும் நீளும். 20 வயசில் உள்ளே போனவர் 50 வயசிலும் அதே சீட்டில். இன்னிக்கு 20 வயசுப் பையன் பப்ல டிவி பார்க்கிறான். நாலு நண்பர்கள் ஒண்ணா நிற்கவும் வழியில்லை, சீட் நம்பர் நாலு திசையில். அப்புறம் பாட்டு எங்கேர்ந்து வரும்?

பழசு எல்லாமே பொன்னுன்னு சொல்ல வரலை. அப்போ அடிதடி இருந்தது, கறுப்பின வீரர்கள் மேல வாழைப்பழம் வீசினாங்க, பெண்கள் வரப் பயந்தாங்க. அதெல்லாம் குறைஞ்சது பெரிய விஷயம். ஆனா அதுக்கு விலை தான் மருந்துன்னா, ஜெர்மனியின் டார்ட்மண்டில் 24 ஆயிரம் பேர் இன்னமும் மலிவா நின்னு பார்க்கிறாங்களே, அது எப்படி?

2016 பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் உச்ச விலை 77 பவுண்டு, சீசனுக்கு 1,029 பவுண்டுன்னு அறிவிச்சது. சண்டர்லாண்டோட மேட்ச். டீம் 2-0 முன்னிலை. சரியா 77வது நிமிஷம் பத்தாயிரம் பேர் போல எழுந்து வெளியே நடந்தாங்க. மிச்ச நேரத்தில் சண்டர்லாண்ட் ரெண்டு கோல் போட்டு 2-2 ஆக்கிட்டாங்க! நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றாங்க.