காத்திருக்க யாரால் முடியும்? எத்துப்பல் ஆய்வுகளும் மதுரைப் பிள்ளைகளும்

எத்துப்பல்லுக்குச் சிறுவயதில் கை வைக்க வேண்டாம், பதின்பருவம் வரை பொறுத்து ஒரே தவணையில் கம்பி போட்டால் போதும் என்பது பல் சீரமைப்புத் துறையில் ஏறக்குறையத் தீர்ந்த வழக்காகிவிட்டது. 2007இல் வெளிவந்து 2013லும் 2018லும் புதுப்பிக்கப்பட்ட, காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அதன் கணக்கில் எனக்குக் குறையில்லை. மதுரைக்கும் சுற்றியுள்ள சமவெளிக்கும் அதைப் பொருத்திப் படிக்கும் முறையில்தான் குறை காண்கிறேன்.

ஏழிலிருந்து பதினோரு வயதுக்குள் ஒரு தவணை, பதின்பருவத்தில் மறு தவணை என்று சிகிச்சை பெற்றவர்களைப் பதின்பருவத்தில் மட்டும் பெற்றவர்களோடு அந்தத் தொகுப்பாய்வு ஒப்பிடுகிறது. முடிவில் பற்களின் துருத்தலிலோ தாடைகளின் பொருத்தத்திலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. முன்பற்கள் அடிபடும் வாய்ப்பு மட்டும் முன்கூட்டிச் சிகிச்சை பெற்றவர்களிடம் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ‘வேறு ஆதாயம் இல்லை’ என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்த ஓர் ஆதாயத்தை அடிக்குறிப்பாக்கிவிட்டார்கள்.

அந்தத் தொகுப்பில் உள்ள, பிரிட்டனில் நடந்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். எட்டு முதல் பத்து வயதுக்குட்பட்ட 174 பிள்ளைகள். மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிடக் குறைந்தது 7 மில்லிமீட்டர் முன்தள்ளியவர்கள். ஒரு பகுதியினருக்கு ட்வின் பிளாக் என்னும் கழற்றி மாட்டும் தாடைக் கருவியைப் பொருத்தினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் வாழ்ந்த நாட்டில், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குத் தேவை நிறுவப்பட்டால் சீரமைப்புச் சிகிச்சை இலவசம். அவர்களுடைய காத்திருப்பு தள்ளிப்போடப்பட்ட சிகிச்சை. இல்லாமல் போன சிகிச்சை ஆகாது. மதுரையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. 2023இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரியும் புதுக்கோட்டையில்தான். தனியார் கல்லூரிப் புறநோயாளர் பிரிவு, தனியார் கிளினிக், பெரும்பாலும் கைக்காசு: இதுதான் இங்குள்ள வழி. உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒன்பது வயதில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொன்னால், பதினான்கு வயதில் யார் பார்ப்பார்கள்? ஒருபோதும் சிகிச்சை பெறாத பிள்ளை எப்படி இருப்பான் என்ற கேள்வியை அந்தச் சோதனைகள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவற்றிலிருந்து விடை எடுப்பது முறையாகாது.

அடிபட்ட பல்லை அடிக்குறிப்பாக்கியது இன்னும் பெரிய பிழை. நடு முன்பல் ஏழு வயதையொட்டி முளைக்கிறது. வேர் முழுமையாக வளர மேலும் மூன்றாண்டுகள் ஆகும். அதற்குள் அடிபட்டுப் பற்கூழ் செத்தால் வேர் மெலிந்தபடியே நின்றுவிடும், வேர்ச் சிகிச்சையும் கடினம். பல்லே போய்விட்டாலோ, தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளான்ட் வைக்க முடியாது. பள்ளி மைதானத்தில் ஒரு நொடியில் நேர்வது இருபது வயது வரை இழுக்கும். துருத்தலின் இறுதி அளவும் இதுவும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கவையா?

அதே பிரிட்டிஷ் ஆய்வில் முதல் தவணை முடிந்த நேரத்தில் பிள்ளைகளின் தன்மதிப்பு உயர்ந்திருந்தது. பதின்பருவத்தில் வேறுபாடு மறைந்துவிட்டதால் அது கணக்கில் வரவில்லை. இடையில் கழிந்த பள்ளி ஆண்டுகளுக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு சரிவரும்.

தாடையை நிரந்தரமாக வளர்க்கலாம் என்று சிலர் விளம்பரப்படுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. சான்று அதற்கு எதிராகவே நிற்கிறது. இரண்டு தவணை என்றால் வருகைகளும் கூடும், அரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வந்துபோகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். இந்த ஆட்சேபம் கனமானது. இதனாலேயே எல்லாப் பிள்ளைக்கும் ட்வின் பிளாக் என்று நான் கேட்கவில்லை. முன்கூட்டிய கவனிப்பில் பெரும்பகுதி மலிவான வேலைதான். ‘பால் பல்தானே, விழத்தானே போகுது’ என்று சொத்தையான இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பின்னாலிருக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் அந்த இடத்துக்குள் நகர்ந்துவிடும். பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் வரவேண்டிய பல்லுக்கு வழி அடைபடும். பட்டையும் வளையமுமான சிறு இடங்காப்பான் ஒன்று இதைத் தடுக்கும். காக்ரேன் ஆய்வு இதைத் தொடவே இல்லை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி இதையும் தள்ளிப்போடுகிறார்கள்.

முன்கூட்டிய சிகிச்சை வியாபாரத்துக்கு வழிவிடும் என்கிறார்கள். பதின்பருவக் கம்பியும் விற்பனைச் சரக்குதான். இதற்குமேல் பதில் தேவையில்லை.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் போகின்றன. அவர்களுடைய பட்டியலில் பல் நோய்களும் உண்டு. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தக் குழு முன்பல் துருத்தலை ஓர் அளவுகோலால் அளந்து, பால் பல் இழந்த இடத்தையும் குறித்து வைத்தால் போதும். மேலூரிலும் திருமங்கலத்திலும் அப்படிக் குறிக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் பதினைந்து வயதுக்குள் கம்பி போட்டார்கள், எத்தனை பேர் முன்பல்லை உடைத்துக்கொண்டார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்த பிறகுதான் இந்தச் சமவெளியில் ‘பொறுத்திரு’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் வரும்.