ஆதிமூலத்தின் கோடு

பத்திரிகைச் சித்திரம் நம்மிடம் வெகுகாலம் கதைக்கு ஊழியம் செய்தது. கோபுலுவின் தேர்ந்த கை 'தில்லானா மோகனாம்பாள்' மாந்தருக்கு முகம் கொடுத்தது. வாசகன் அந்த முகங்களோடுதான் கதையைப் படித்தான். 1938-ல் கீராம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம் இந்த உறவை மாற்றினார். காந்தி நூற்றாண்டான 1969-ல் அவர் வரைந்த கோட்டோவியங்களில் சாயல் இரண்டாம்பட்சம். கோட்டின் வேகமே ஆளுமை. சிறுபத்திரிகையிலிருந்து ஜூனியர் விகடனுக்கு, கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போனபோதும் அந்தக் கோடு பணியவில்லை.

தர்மபுரி மாவட்டத்து நடுகற்கள் எனக்கு இதைத் தெளிவாக்குகின்றன. வீரன் பெயரைக் கல்லெழுத்து சொல்கிறது. உருவம் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. முகம் மங்கல், ஆயுதம் ஏந்திய நிலை போதுமாயிருக்கிறது.

2008-ல் ஆதிமூலம் மறைந்தார். தன் எழுத்தை விளக்காத சித்திரத்தைப் பக்கத்தில் அனுமதிக்க நம் எழுத்தாளன் இன்னும் தயங்குகிறான் என்றே நினைக்கிறேன்.