பெயர் வைத்த பிறகு பிடிபட்ட கிருமி

1907-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 36 வயது மருத்துவர் ஒருவர் இறந்துபோனார். மூட்டுவலி, ஓயாத வயிற்றுப்போக்கு, எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு. பிரேதப் பரிசோதனை செய்த ஜார்ஜ் விப்பிள், குடல் சுவரில் கொழுப்பு தேங்கிக் கிடப்பதைக் கண்டார். வெள்ளிச் சாயம் ஏற்றிய திசுவில் குச்சி போன்ற நுண்ணுயிர்களும் தெரிந்தன. அதையும் எழுதி வைத்தார். ஆனால் நோய்க்குப் பெயர் வைத்தது என்னவோ கொழுப்பை வைத்துத்தான்!

அன்றைய முறையில் ஒரு பாக்டீரியாவை வகைப்படுத்த முதலில் அதை வளர்க்க வேண்டும். எந்தச் சாயம் ஏறுகிறது, எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது என்றெல்லாம் அதற்குப் பிறகுதான் பார்க்க முடியும். இந்தக் கிருமியோ எதிலும் வளரவில்லை. 1952-ல் ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு நோயாளி தேறினார். 1961-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாக்டீரியாவே தெரிந்தது. ஆனாலும் அது எந்த இனம்? யாருக்கும் தெரியாது. சிகிச்சை இல்லாவிட்டால் மரணம்தான் என்ற நோய்க்கு இந்த நிலைமை.

1992-ல் டேவிட் ரெல்மன் குழுவினர் கிருமியை வளர்க்க முயலாமல், நோயாளிகளின் திசுவிலிருந்தே 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை பி.சி.ஆர். முறையில் பெருக்கினார்கள். எல்லா பாக்டீரியாவிலும் உள்ள மரபணு இது. சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அங்கேதான் பி.சி.ஆர். பிடித்துக்கொள்கிறது. மாறுபடும் பகுதிகள் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒப்பிட்டபோது ஆக்டினோமைசீட் கூட்டத்தில் போய் நின்றது. 'உணவு', 'தடை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ட்ரோஃபெரிமா விப்பெலியை என்று பெயரிட்டார்கள். குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போகிற நோய்க்குப் பொருத்தமான பெயர்.

ஆனால் உயிருள்ள மாதிரி கையில் இல்லையே! 2000-ல்தான் பிரான்சின் மார்சேய் நகரில் திதியே ராவுல் குழுவினர், ஒரு நோயாளியின் இதய வால்விலிருந்து அதை எடுத்து மனிதச் செல்களுக்குள் வளர்த்தார்கள். ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ 18 நாள்! (ஈ. கோலைக்கு 20 நிமிடம் போதும்.) 2001-ல் முறைப்படி இனவிளக்கம் வெளியானது. விப்பிளின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையையும் அப்போது திருத்தி 'விப்பிளியை' ஆக்கினார்கள்.

2003-ல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. சுமார் 9.3 லட்சம் எழுத்துகள், ஈ. கோலையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. பல அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கும் வசதி அதற்கு இல்லை. இத்தனை வருடம் அது ஏன் வளரவில்லை என்பதற்கு விடை அங்கே இருந்தது. அந்த அமினோ அமிலங்களைச் சேர்த்து ஒரு திரவம் தயாரித்தார்கள். மனிதச் செல் எதுவும் இல்லாமலே அதில் கிருமி வளர்ந்தது.