திருவல்லிக்கேணி பெரிய மசூதி: கூட்டிப் பார்த்தா 1209

போன எபிசோடுல கர்நாடகப் போர்களைப் புதுச்சேரி பக்கம் நின்னு பார்த்தோம். நோணாங்குப்பத்துல இருந்து பார்த்தா டூப்ளேதான் ஹீரோ, சந்தா சாகிப் அவரோட ஆள். இன்னைக்கு எதிர்ப்பக்கம் நின்ன முகமது அலியோட கதை. அவரோட வாலாஜா பட்டத்தைத் தாங்கி நிற்கும் மசூதி சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கு. அந்தப் பக்கம் 'பெரிய மசூதி'ன்னு கேட்டாலே வழி சொல்லிடுவாங்க.

முன்கதை சுருக்கமா. 1749-ல் ஆம்பூர் போரில் நவாப் அன்வருதீன் இறந்தார். மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப் பக்கம், ஆங்கிலேயர்கள் இவர் பக்கம். 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் விழுந்தது.

ஜெயிச்சவர் சென்னைக்கே வந்து, 1768-ல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். பில் அதுக்கப்புறம்தான் வந்தது. படைச் செலவுக்காகக் கம்பெனிக்குப் பணம்; அதைக் கட்டக் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன்; அந்தக் கடனுக்கு வட்டி. ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மட்டுமே 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு பெரிய உரை ஆற்றினார். பின்னாடி விசாரணை வைத்தபோது கேட்கப்பட்ட தொகை 3 கோடி பவுண்டுக்கு மேல்; செல்லும்னு ஏற்றது 30 லட்சத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் பொய்க் கணக்கு!

இப்படிக் கழுத்துவரை கடனில் இருந்த ஒரு அரசவையில் இருந்துதான் இந்த மசூதி வந்தது. சாம்பல் நிறக் கருங்கல். மரமோ இரும்போ சேர்க்காமக் கட்டினதுன்னு சொல்வாங்க. கேட்க ஏதோ விரதம் மாதிரி இருக்கும், ஆனா கடல் பக்கத்துல இருக்கு. சுண்ணாம்பாறு முகத்துவாரத்துக்கிட்ட இருக்கிற எங்க ஊர்ல ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு எனக்குத் தெரியும். கல்லுக்குள்ள வச்ச இரும்பு துருப்பிடிச்சா உப்பும். உப்பினா கல்லையே பிளக்கும். மரத்துக்குக் கரையான். ரெண்டும் இல்லாட்டி பாரத்தைக் கல்லே தாங்கணும்.

வெளியே தெரு முழுக்க ஹாரன் சத்தம். உள்ளே பெரிய திறந்தவெளி, ஒளு செய்ய ஒரு ஹவுது, உயர்ந்த மேடைமேல் தொழுகைக் கூடம், ரெண்டு பக்கமும் ஒல்லியான மினார்கள். இந்த வளாகத்துலதான் லக்னோவிலிருந்து வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலியும், 1972-ல் மறைந்த காயிதே மில்லத்தும் அடக்கமாகி இருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இங்கே இருக்கிற கல்வெட்டுதான். அதுல வருஷத்தை எண்ணா எழுதாம, வார்த்தைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க. அரபு எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. அப்ஜத் முறைன்னு பேர். நம்ம கர்நாடக சங்கீதத்துல 'தீர சங்கராபரணம்'னு சொன்னதும் 'தீ' 9, 'ர' 2, திருப்பிப் போட்டா 29-ஆவது மேளம்னு வருதே, அதே ஜாதி. இங்கே இறைவனை நினைப்பதே பெரிதுன்னு பொருள் தரும் மூணு சொல். ஜிக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223. கூட்டினா 1209. ஹிஜ்ரி ஆண்டு.

இந்த எண்ணை வச்சு ஒரு தேதியைச் சரிபார்க்கலாம். நவாப் இறந்த பிறகு நினைவா எழுப்பின மசூதின்னு நினைக்கத் தோணும். ஆனா ஹிஜ்ரி 1209 ஓடினது 1794 ஜூலை முதல் 1795 ஜூலை வரைக்கும். நவாப் இறந்தது 1795 அக்டோபர் 13. அதாவது கல்லுல இருக்கிற வருஷத்துல அவர் உயிரோடதான் இருந்தார்.

அதை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிராத். இந்து. உடனே இதை மத நல்லிணக்க போஸ்டர் ஆக்கிடுவோம், இல்லையா? எனக்கு அதைவிடச் சாதாரணமான ஒண்ணுதான் தோணுது. பாரசீகம் அன்னைக்கு ஆபீஸ் மொழி, இன்னைக்கு நமக்கு இங்கிலீஷ் மாதிரி. அதைப் படிச்சு, எழுதி, அதுல பேர் வாங்கின இந்துக்கள் நாடு முழுக்க இருந்தாங்க. பொருளும் சரியா வரணும், கூட்டுத்தொகையும் ஒத்துப்போகணும். அதைச் செய்யத் தெரிஞ்சவர்கிட்ட கொடுத்தாங்க. யாருக்கும் அது விசேஷமாத் தெரிஞ்சிருக்காது. இன்னைக்கு நமக்கு அது விசேஷமாத் தெரியுதுங்கறதுதான் எனக்கு உறுத்துது.

1801-ல் கம்பெனி ஆட்சியை எடுத்துக்கிட்டது. 1855-ல் நவாப் பட்டமும் போச்சு, அரண்மனை அரசாங்கத்துக்குப் போனது. மசூதியில மட்டும் தொழுகை நிற்கல. அடுத்த தடவை சேப்பாக்கத்துல மேட்ச் பார்க்கப் போனா, ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பி இங்கே போயிட்டு வாங்க. தொழுகை நேரத்தை மட்டும் தவிர்த்துடுங்க.